போகாத கூட்டத்துக்குப் போட்ட கையெழுத்து

ஜன்னல் ஓரம் நீங்களே இருங்க சார், எனக்கு வேண்டாம். காத்து பட்டா எனக்குக் காது அடைச்சுக்கிடும். அப்புறம் கூட்டத்துல யார் என்ன சொல்லுதாங்கன்னே கேக்காது. ஆமா, கூட்டம்தான். பேரூராட்சிக் கூட்டம். மத்தியானம் மூணு மணிக்கு. மதுரையில இறங்கி இன்னொரு பஸ் பிடிச்சு ரெண்டு மணி நேரம் போகணும். நான் அங்க ஆறாவது வார்டு கவுன்சிலர். பேரு பால்வண்ணம்.

கவுன்சிலர்னா கார்ல போவான், பின்னால நாலு பேர் வருவான்னு நெனைப்பீங்க. நான் விடிகாலை அஞ்சு மணிக்கு சிங்காநல்லூர்ல வந்து நின்னு பஸ் ஏறியிருக்கேன். ஆசைப்பட்டுப் போறேன்னு நெனைச்சிராதீங்க. என்னை விட மாட்டேங்காங்க சார். கையைக் கட்டி இழுத்துட்டுப் போறாங்கன்னு வச்சுக்கிடுங்க. கயிறு மட்டும் கண்ணுக்குத் தெரியாது.

நான் அரசியல்வாதி இல்ல. மைக் செட் கடை. கல்யாணம், சடங்கு, கோயில் கொடை, எழவு, எல்லாத்துக்கும் எங்க ஊர்ல நம்ம குழாய் ஸ்பீக்கரைத்தான் கட்டுவாங்க. முப்பது வருசமா அடுத்தவன் பேரைத்தான் மைக்ல சொல்லியிருக்கேன். வருக வருகன்னு. போன தேர்தல்ல எங்க வார்டுக்கு ரெண்டு கட்சியும் யாரை நிறுத்துச்சுன்னா, ஒரே வீட்டு மாமனையும் மச்சானையும். அந்தக் குடும்பச் சண்டைல நாம எதுக்குத் தலையக் குடுக்கணும்னு ஜனம் ஒதுங்கிப் போச்சு. நீர் நில்லும்வேன்னு நாலு பேர் சொன்னாங்க. சுயேச்சையா நின்னேன். இஸ்திரிப் பெட்டி சின்னம். பதினோரு ஓட்டுல ஜெயிச்சேன்.

அந்தப் பதினோரு ஓட்டு யாருதுன்னு எனக்கு நல்லாத் தெரியும். மீன் விக்கிற பொம்பளைங்க ஓட்டு. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால புறம்போக்குல, வெட்டவெளியில சாக்கை விரிச்சு உக்காந்திருப்பாங்க. ஏழு பேர். அவங்கள்ல மூத்தவ சேர்மக்கனி. "அண்ணாச்சி, பதினோரு மணி வெயிலுக்கே மீன் கண்ணு வெளுத்துப் போகுது. மேல ஒரு தகரம் போட்டுக் குடுங்க, எங்க வீட்டு ஓட்டு பூரா உங்களுக்கு"ன்னா. போடுதேன்னேன். மைக்லயே சொன்னேன் சார், நாலு தெருவுக்குக் கேக்குற மாதிரி. நம்ம மைக்தான, நல்லாக் கேட்டிருக்கும்.

சேர்மக்கனி என் வீட்டுக்காரிக்கு ரொம்ப வேண்டியவ. என் வீட்டுக்காரி பேரு உலகம்மாள். ஒரு தடவை அவ டைபாய்டுல படுத்தப்ப பதினெட்டு நாள் கஞ்சி கொண்டு வந்து குடுத்தது சேர்மக்கனிதான். கூடையை வாசல்ல வச்சுட்டு, கையைக் கழுவிட்டு, உள்ள வந்து ஊட்டி விட்டுட்டுப் போவா. நான் அப்ப ஊர் ஊராக் கொடைக்குக் குழாய் கட்டப் போயிருந்தேன்.

சரி, விஷயத்துக்கு வாரேன். ரிசல்ட் வந்தா மொத்தம் பதினஞ்சு வார்டு. அந்தப் பக்கம் ஏழு, இந்தப் பக்கம் ஏழு, நடுவுல நான் ஒருத்தன். எண்ணி முடிச்ச அரை மணி நேரத்துல தங்கத்துரை அண்ணாச்சி கார் என் கடை வாசல்ல நிக்குது. அவர்தான் இப்ப சேர்மன். எட்டுப் பேரா எங்களைக் குத்தாலத்துக்குக் கொண்டு போயிட்டாங்க. அருவில தண்ணி இல்லாத மாசம். ஒரு லாட்ஜ். போனை வாங்கி வச்சுக்கிட்டாங்க. கக்கூசுக்குப் போனாக்கூட வாசல்ல ஒருத்தன் நிப்பான். சேர்மன் ஓட்டு அன்னைக்கு நேரா அங்கயிருந்து ஆபீசுக்கு. போட்டேன். எட்டுக்கு ஏழு. அண்ணாச்சி தன் கழுத்துல விழுந்த மாலையைக் கழத்தி என் கழுத்துல போட்டு, "நீர் இல்லேன்னா நான் இல்ல"ன்னார். எல்லார் முன்னாலயும் சொன்னார் சார். கணக்குப் பாத்தா அது உண்மைதான்லா.

அன்னையில இருந்து நான் வெளிய வரவே இல்ல. ரெண்டரை வருசம். அந்தப் பக்கத்துக் கவுன்சிலர் எவன்கூடயாவது டீக்கடையில நின்னா, நான் கிளாசை வைக்கிறதுக்குள்ள சேர்மன் போன் வரும். "என்னவே, அங்க என்ன பேச்சு?" கல்யாண வீட்டுக்குப் போனா எந்தப் பந்தியில உக்காரணும்னு யோசிக்கணும். தங்கச்சி வீட்டுக்குப் போய் ஒரு ராத்திரி தங்க முடியாது, ஆளைக் கடத்திட்டாங்கன்னு ஊர் பூரா பேச்சாயிரும். உலகம்மாள் சொல்லுவா, "உங்களைக் கட்டிக்கிட்டது நானா, அந்த சேர்மனா?"ன்னு. அவளுக்கு இந்தப் பொறுப்பெல்லாம் புரியாது.

அந்தத் தகரக் கூரையா? கேட்டேன் சார். கேக்காம இருப்பனா? ஒவ்வொரு மாசமும் கேட்டேன். "அடுத்த கூட்டத்துல வச்சிருவோம்"பார். அடுத்த கூட்டத்துல கொசு மருந்து மிஷின் ரிப்பேர் இருக்கும், மோட்டார் காயில் கட்டுறது இருக்கும், பிளீச்சிங் பவுடர் இருக்கும், கூரை இருக்காது. ரொம்ப அழுத்திக் கேட்டா மத்த ஏழு பேருக்குச் சங்கடம். நான் பதமாக் கேப்பேன்.

எங்க மன்றத்துல ஒரு பழக்கம் உண்டு. வெளியூர்க்காரர்ங்கதால உங்ககிட்ட சொல்லுதேன். தீர்மானப் புத்தகம்னு ஒண்ணு இருக்கும், பெரிய பைண்டு. தீர்மானத்தை டைப் அடிச்சு அதுல ஒட்டுவாங்க, அடியில எல்லாரும் கையெழுத்துப் போடணும். ஆனா டைப் அடிக்கிற கம்ப்யூட்டர் ஒண்ணுதான், அதுவும் பாதி நாள் படுத்துக்கிடும். அதனால கிளார்க் ஆவுடையப்பன் பக்கத்தை வெறுமனே விட்டு, அடியில மட்டும் கையெழுத்து வாங்கி வச்சுக்கிடுவான். அப்புறமா மேல ஒட்டிக்கிடுவான். வடை வரும், டீ வரும், புத்தகம் வரும். எண்ணெய்க் கையைத் துடைச்சுட்டுப் போடுவோம். இந்த மாசத்துக்கு ஒண்ணு, அடுத்ததுக்கு ரெண்டு. முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பேரை அவனே வார்டு வரிசையில போட்டுக்கிடுவான். யாரும் கேக்க மாட்டோம். ஏகமனதாக நிறைவேற்றப்பட்டதுன்னு முடியும். நானும் மாட்டேன்னு சொன்னதே இல்ல. எதுக்கு அவனைக் கஷ்டப்படுத்திக்கிட்டு?

இந்த வருசம் மே மாசம் எங்க மகளுக்குக் கோயம்புத்தூர்ல பிரசவம். உலகம்மாள் சொன்னா, "கடையைக் குடுத்துட்டு வாங்க, அங்கயே போயிருவோம். பேத்தியைப் பாத்துக்கிட்டு இருப்போம். எனக்கு இந்த ஊர்ல மூச்சு முட்டுது"ன்னா. நானும் சரின்னேன். எனக்கும் முட்டிக்கிட்டுத்தான இருந்துச்சு. ராஜினாமா எழுதி அண்ணாச்சிகிட்டப் போனேன். படிச்சார், நாலா மடிச்சார், திருப்பி என் சட்டைப் பையிலயே வச்சார். "என்னைக் கொன்னுட்டுப் போவும்"னார். அதுக்கு மேல மனுசன் என்ன செய்ய முடியும்? தபால்ல அனுப்பலாமேன்னு நீங்க கேக்கலாம். உலகம்மாளும் கேட்டா. அது மரியாதையா சார்? கழுத்துல மாலை போட்டவருக்குத் தபால்லயா அனுப்புறது?

அப்புறம் ஒரு வழி தோணுச்சு. தொடர்ந்து மூணு மாசம் கூட்டத்துக்குப் போகலைன்னா பதவி தானாப் போயிரும்னு சட்டம் இருக்குல்லா. யாரையும் நோகடிக்க வேண்டாம், சத்தமில்லாம நழுவிரலாம். கோயம்புத்தூருக்கு வந்துட்டேன். ஜூன் கூட்டம் போச்சு. போகல. ஜூலை கூட்டம் போச்சு. போகல. தொட்டில் கட்டினேன், பேத்திக்குச் சாம்பிராணி போட்டேன். உலகம்மாள் காலண்டர்ல அந்த ரெண்டு தேதியையும் வட்டம் போட்டு வச்சிருந்தா. இன்னும் ஒண்ணுதான்னு சொல்லிச் சிரிச்சா. அவ சிரிச்சு ரொம்ப நாளாயிருந்துச்சு. எனக்கே சந்தோசமா இருந்துச்சு.

ஜூலை கடைசியில சேர்மக்கனி போன் பண்ணினா. எனக்கு இல்ல, உலகம்மாளுக்கு. இவ ஸ்பீக்கர்ல போட்டுட்டுக் கீரை ஆஞ்சுக்கிட்டிருந்தா. அதனால எனக்கும் கேட்டுச்சு.

"யக்கா, அண்ணாச்சிகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. எங்க இடத்துல காம்ப்ளக்ஸ் கட்டப் போறாங்களாம், எங்களைக் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் ஒட்டிட்டாங்க. ஆபீஸ்ல போய் அழுதோம். உங்க கவுன்சிலர் பால்வண்ணம்தான் ரெண்டு மாசமும் முன்மொழிஞ்சிருக்காருன்னு புத்தகத்தைத் திறந்து காட்டுதாங்க. கையெழுத்து இருக்கு. எங்க மேல அண்ணாச்சிக்கு என்ன கோவம்னு மட்டும் கேளுங்க."

திட்டலை சார். திட்டியிருந்தா நான் பதில் சொல்லியிருப்பேன்.

உலகம்மாள் போனை வச்சுட்டு என்னைப் பாத்தா. "அன்னைக்கு நீங்க இங்க தொட்டில் கட்டிக்கிட்டுல்லா இருந்தீங்க. அங்க எப்படி முன்மொழிஞ்சீங்க?"ன்னா. நான் அந்தப் பழக்கத்தைச் சொன்னேன், உங்ககிட்ட சொன்ன மாதிரியே. மே மாசக் கூட்டத்துல ரெண்டு பக்கம் சேத்துப் போட்டு வச்சுட்டு வந்திருக்கேன் பாத்துக்கிடுங்க. பதவி போகட்டும்னு போகாம இருந்தவன், போனதுக்கு அத்தாட்சியும் போட்டுக் குடுத்துட்டு வந்திருக்கேன். கைப்பழக்கம். வடையைத் தின்னமா, போட்டமான்னு ஆகிப்போச்சு.

அவ முழுசும் கேட்டா. கேட்டுட்டு, "அப்போ எழுதுங்க. அந்த ரெண்டு கூட்டத்துலயும் நான் இல்ல, நான் முன்மொழியல, வெறும் பக்கத்துல வாங்கின கையெழுத்துன்னு கலெக்டருக்கு எழுதுங்க. அவளுக்கு இடம் நிக்கும். உங்களுக்கும் பதவி போயிரும். ரெண்டும் நடக்கும்"னா. மக தாளும் பேனாவும் கொண்டு வந்து வச்சா. நானும் உக்காந்தேன். ஐயான்னு எழுதினேன். அப்புறம் ஆவுடையப்பன் ஞாபகம் வந்துச்சு. ரெண்டு பொம்பளைப் பிள்ளை அவனுக்கு. வேலை போயிரும்லா. அண்ணாச்சி பேரும் கெட்டுப்போகும். கூடப் போட்ட மத்தவங்க என்ன ஆவாங்க? ஒரு மனுசன் எல்லாத்தையும் யோசிக்கணுமா இல்லியா? அந்தத் தாள் ரெண்டு நாள் டிவி பக்கத்துல கெடந்துச்சு. ஐயான்னு மட்டும் எழுதி. மூணாம் நாள் பாத்தேன், இல்ல. நானும் கேக்கல.

ஆகஸ்ட்ல ஆவுடையப்பன்கிட்ட என் வெறும் பக்கம் ஒண்ணும் மிச்சமில்ல. இந்தத் தடவை உண்மையிலேயே வராதவன் ஆயிருவேன். அப்ப என்ன நடந்துச்சுங்கீங்க? சேர்மனே கார் எடுத்துக்கிட்டுக் கோயம்புத்தூர் வந்துட்டார். பேத்திக்குக் கவுன், வெள்ளிக் கொலுசு, அல்வா. சின்ன வீடு சார் எங்க மருமகனுக்கு. இருந்த ஒரே நாற்காலியில அண்ணாச்சி உக்காந்தார். மடியில தீர்மானப் புத்தகம். அவ்வளவு தூரம் அதைத் துண்டுல சுத்திக் கொண்டு வந்திருந்தார்.

மீன்கார இடத்தைக் கேட்டேன். கேக்காம விடல. "அது சும்மா ஒரு தீர்மானம்வே. இப்ப யார் போய் இடிக்கப் போறா? கட்டினாலும் முதல் கடை அவளுகளுக்குத்தான்"னார். வாக்குக் குடுத்த மாதிரிதான் அது. அடுப்படியில உலகம்மாள் காபி போடுற சத்தம் கேட்டுச்சு. நான் குனிஞ்சு ஒரே ஒரு பக்கம் போட்டேன். நிமிந்தா அவ ரெண்டு டம்ளரோட கதவு பக்கம் நிக்கா. பாத்தா. அப்படியே திரும்பி உள்ள போயிட்டா. அப்புறம் காபி வரவே இல்ல. அண்ணாச்சி ஒண்ணும் தப்பா நெனைக்கல, நல்ல மனுசன். வீடு வரைக்கும் வந்துட்ட ஆளை எப்படி வெறுங்கையோட அனுப்புறது, நீங்களே சொல்லுங்க.

அன்னையில இருந்து அவ என்கூட அளவாத்தான் பேசுதா. சாப்பாடு ஆச்சு, குளிக்கத் தண்ணி இருக்கு, அவ்வளவுதான். வயசானா பொம்பளைங்களுக்கு ஒரு மாதிரி ஆயிரும்னு மருமகன்கிட்ட சொன்னேன். அவர் எந்திரிச்சு வெளிய போயிட்டார். அவர் சுபாவமே அப்படி.

இப்ப செப்டம்பர். கூட்டம் இன்னைக்கு. போன வாரம் பூரா போன் வரும் போன் வரும்னு பாக்கேன், ஒருத்தரும் கூப்பிடல. சேர்மன் கூப்பிடல. கிளார்க் கூப்பிடல. அஜெண்டாகூட வரல. முதல் ரெண்டு நாள் நிம்மதியா இருந்துச்சுன்னு வச்சுக்கிடுங்க. மூணாம் நாள் சோறு இறங்கல. போனை எடுத்து எடுத்துப் பாக்கேன், சிக்னல் இருக்கான்னு மொட்டை மாடிக்குப் போய்ப் பாக்கேன். மக கேக்கா, "என்னப்பா, யாராச்சும் கூப்பிடணுமா?" எவன் கூப்பிடணும் என்னைய? கடைசியில முந்தாநாள் நானே ஆவுடையப்பனுக்குப் போட்டேன். சும்மா, பிள்ளைங்க எப்படி இருக்குன்னு கேக்கத்தான்.

"அண்ணாச்சி, நீங்க இனி அலைய வேண்டாம்"ங்கான். "பதினோராவது வார்டு கந்தையா இந்தப் பக்கம் வந்துட்டார். நீங்க இல்லாமலே எட்டு இருக்கு. சேர்மன் சொல்லிட்டார், பால்வண்ணத்தைத் தொந்தரவு பண்ணாதீங்க, நிம்மதியா மக வீட்டுல இருக்கட்டும்னு. மூணு கூட்டம் வராம இருந்துக்கிடுங்க, முறைப்படி முடிச்சிருவோம்."

"அஜெண்டாவுல என்னடே இருக்கு?"ன்னேன்.

"பதினாலு பொருள். மீன் இடத்துக்கு டெண்டர் இருக்கு."

"யாருடே முன்மொழியுதது?"

"கந்தையா பேரைப் போட்டாச்சு அண்ணாச்சி."

எனக்கு எப்படி இருந்திருக்கும், யோசிச்சுப் பாருங்க. ஆறாவது வார்டுல இருக்கிற இடம் சார் அது. என் வார்டு. கந்தையாவுக்கு அதைப் பத்தி என்ன தெரியும்? எத்தனை பேர் உக்காருதாங்க, எந்தப் பக்கம் சாக்கடை ஓடுது, ஏதாச்சும் தெரியுமா? ரெண்டரை வருசம் நான் தாங்கிட்டு இருந்த மன்றம். என் பேருக்கு நேரா சிவப்பு மையில வராதவர்னு எழுதுவான். இதுவரைக்கும் ஒரு தடவை விழுந்ததில்ல சார் அந்தச் சிவப்பு மை.

இதுலதான் சூது இருக்கு. நீங்க படிச்சவர், உங்களுக்குப் புரியும். வர வேண்டாம்னு சொன்னா நான் ஓடி வருவேன்னு அவங்களுக்குத் தெரியும். கந்தையா இன்னைக்கு இங்க, நாளைக்கு அங்க. அவனை நம்பி நாற்காலியில உக்கார முடியுமா? அண்ணாச்சிக்கு உள்ளுக்குள்ள பயம் இருக்கும், வெளிய சொல்ல மாட்டார். நான் போகலைன்னா கவிழ்ந்துரும். அதான் சொன்னேன்லா, என்னை விட மாட்டாங்க.

எதிர்த்துப் பேசுவனான்னு கேக்கீங்களா? டெண்டரை எதிர்த்தா? அப்படி எடுத்த எடுப்புல எதிர்க்க முடியாது சார். எதிர்த்தாலும் அவங்ககிட்ட எட்டு இருக்கு, நடக்குறது நடக்கத்தான் செய்யும், கெட்ட பேர் எனக்கு. எதிர்க்காம உக்காந்தா சேர்மக்கனிகிட்ட கெட்ட பேர். எந்தப் பக்கம் திரும்பினாலும் செவுருதான். போய் உக்காந்துட்டு, வடை வர்ற நேரம் பாத்து அண்ணாச்சி காதுல பதமா ஒரு வார்த்தை போடணும். அவர் கேப்பார். ஒரு ஓரமாவது ஒதுக்கச் சொல்லுவேன். சேர்மக்கனிக்காகத்தான் போறேன்னு உலகம்மாள்கிட்டயும் சொன்னேன். நேத்து சாயங்காலம் சொன்னேன். அவ பேத்தி துணியை மடிச்சுக்கிட்டிருந்தா. "போகலைன்னா முடிஞ்சிரும்லா. அவங்களே விட்டுட்டாங்கல்லா"ன்னா. இல்ல உலகு, உனக்குத் தெரியாது, இது பெரிய சிக்கல்னு நான் எடுத்துச் சொன்னேன். அவ மறுபடி துணியை மடிக்க ஆரம்பிச்சா. நான் சொன்னது புரிஞ்சிருக்கும்.

கோவம்லாம் இல்ல சார் அவளுக்கு. காலையில மூணரைக்கே எந்திரிச்சு எனக்குப் பை கட்டி வச்சிருந்தா. மருமகன்தான் வண்டியில கொண்டு வந்து விட்டார். ஒட்டன்சத்திரத்துல நீங்க டீ குடிக்க இறங்கினீங்கள்லா, அப்ப மாத்திரை எடுக்கலாம்னு பையைத் திறந்தேன். பாத்தா என் சட்டை அத்தனையும் இருக்கு, எட்டுச் சட்டை. வேட்டி பூரா இருக்கு. ஸ்வெட்டர் இருக்கு. பிரஷர் மாத்திரை மூணு மாசத்துக்கு வாங்கினதை அப்படியே வச்சிருக்கா. சவரம் பண்ற டப்பா, பழைய கண்ணாடி, ஆதார் கார்டு. ஊர் வீட்டுச் சாவி. அவகிட்ட இருந்த சாவியும் அதுகூடவே இருக்கு. நாளைக்குச் சாயங்காலம் திரும்பிருவேன்னு சொல்லிட்டுத்தான வந்தேன்? ஒரு நாள் கூட்டத்துக்கு எதுக்கு இத்தனையும்? மறதி வந்துட்டுது பாவம் அவளுக்கு. ஊருக்குப் போனதும் போன் பண்ணிச் சொல்லணும். காலையில இருந்து ரெண்டு தடவை போட்டேன், எடுக்கல. பேத்தியைக் குளிப்பாட்டிக்கிட்டிருப்பா.

ஆனா ஒட்டன்சத்திரத்துல இருந்து அந்த ரெண்டு சாவியையும் கையிலயே வச்சிருக்கேன் சார். பயமா இருக்கு. கூட்டத்தை நெனைச்சுத்தான் இருக்கும்.

ஆரப்பாளையம் வந்துட்டுதா? நீங்களும் இங்கதான இறங்குதீங்க. அந்த மேல இருக்கிற பையைக் கொஞ்சம் ஒரு பக்கம் பிடிங்க சார், என்னால தனியாத் தூக்க முடியல.